புளிப்புத் திராட்சைக்காரி

புனிதவதி கற்பூரத்தில் கைவைக்க மாட்டேன் என்று சொன்னது எண்பத்தொன்பதாம் ஆண்டு நவராத்திரியில். நாங்கள் ஊரை விட்டு வந்து சேர்ந்த கூர் நகரத்தில் அப்போது இருந்த தமிழ்ச் சனத்தில் பாதிப்பேர் அதைக் கண்ணால் கண்டவர்கள். மற்றப் பாதிப்பேர், கண்டவர்களைவிட விபரமாகச் சொல்லக்கூடியவர்கள். நான் கண்டவள். அவள் எனக்குப் பெறாமகள் என்பதால் கொஞ்சம் அவள் பக்கம் சாய்ந்துதான் என் கதை போகும்.

முறையைச் சொல்லிவிடுகிறேன். புனிதவதியின் தாய் இரத்தினம்மா, என் தகப்பனாரின் கடைசித் தம்பி மகள். எனக்கு ஒன்றுவிட்ட தங்கை. அவள் முடித்தது உரும்பிராயில் திராட்சைப் பந்தல் போட்டிருந்த தம்பித்துரையை. தம்பித்துரையின் தாயும் பிடிவாதக்காரி, தகப்பனும் பிடிவாதக்காரன். ஒரு முருங்கை மரம் எந்தப் பக்கத்து வேலிக்குச் சொந்தம் என்று அண்ணன் தம்பியோடு சாகும்வரை கதையாமல் இருந்தவர் அந்தத் தகப்பன். அந்தக் குணம் தம்பித்துரையைத் தாண்டி நேரே பேத்தியிடம் வந்து இறங்கியது. அவளைக் கட்டிய ஜெகதீஸ்வரனோ வேறு மாதிரி. ஒரு கதவைத் தட்டி அது திறக்காவிட்டால், கதவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பி வருகிற மனுசன்.

ஜெகதீஸ்வரன் கூரில் ஒரு ஹோட்டலில் சட்டி பானை கழுவினான். எண்பத்தாறில் புனிதவதி வந்து சேர்ந்ததும், அதே ஹோட்டலின் நிலவறையில் துணி வெளுக்கும் இடத்தில் அவளுக்கும் வேலை கிடைத்தது. நல்ல சம்பளம், சூடான இடம், பக்கத்திலேயே புருஷன். இதைவிட என்ன வேண்டும் என்று எல்லாரும் கேட்டார்கள். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"பெரியம்மா, அதுக்குள்ளை நிண்டால் மழை பெய்யிறதும் தெரியாது, வெயில் எறிக்கிறதும் தெரியாது. பின்னேரம் வெளியாலை வந்துதான் இண்டைக்கு என்ன நாள் எண்டே பிடிபடுது" என்று என்னிடம் சொல்லுவாள்.

கோடைக் கூட்டம் போய்ப் பனிச்சறுக்குக் கூட்டம் வருமுன் ஹோட்டலைக் கொஞ்சக் காலம் பூட்டி வைப்பார்கள். அப்படிப் பூட்டியிருந்த ஓர் இலையுதிர் காலத்தில், துணி வெளுக்கும் இடத்தில் கூட வேலை செய்த போர்த்துக்கல் பெண் அவளைத் திராட்சை வெட்டக் கூட்டிக்கொண்டு போனாள். கூருக்குக் கீழே, ரைன் ஆற்றுப் பக்கம், ஒரு சின்ன ஊர். தோட்டத்துக்குச் சொந்தக்காரி கசுட் என்ற விதவை. பெரிய உடம்பு, பெரிய குரல். நாங்கள் எல்லாரும் கசுட் அம்மா என்போம்.

வெட்டப் போனவள் வெட்டு முடிந்தும் திரும்பவில்லை. குளிர்காலத்தில் கொடி கத்தரிக்க ஆள் வேண்டும் என்று கசுட் அம்மா சொன்னாராம்; நான் வாறன் என்று இவள் சொன்னாளாம். ஹோட்டல் வேலையை விட்டுவிட்டாள். சம்பளம் அங்கே குறைவு. விரல் விறைக்கிற குளிர். ரயில் ஏறிப் போகவேண்டும். அதெல்லாம் தெரிந்துகொண்டுதான் விட்டாள்.

அங்கேதான் கதை பிறந்தது. வைன் தோட்டம். சைவப் பிள்ளை. சாராயத்துக்குப் பழம் பிடுங்கப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை சனம் கூடினால் வேறு கதை இல்லை.

சனம் கூடுகிற இடம், ஒரு தேவாலயத்துக்குப் பக்கத்திலிருந்த நிலவறை மண்டபம். அதைப் பாதிரியாரிடம் கேட்டு வாங்கித் தந்தவர் தில்லைநாதன். ஜெகதீஸ்வரனுக்கு அவர் பெரியம்மா மகன், தமையன் முறை. இவனுக்கு ஹோட்டல் வேலை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். ஆருக்கும் வருத்தம் வந்தால் டொக்டரிடம் கூட வந்து, அந்த ஊர்ப் பாஷையான டொச்சில் கதைப்பவரும் அவர்தான். நல்ல மனுசன். ஆனால் தான் நல்ல மனுசன் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதுதான் அவரோடு உள்ள கரைச்சல். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ரெஸ்டோரன்டில் நின்று பியர் ஊற்றிக் கொடுப்பது அவருடைய வேலை.

அந்த வருட நவராத்திரிக்கு ஒவ்வொரு பின்னேரமும் ஒவ்வொரு வீட்டு உபயம் என்று பிரித்தார்கள். இரண்டாம் பின்னேரம் ஜெகதீஸ்வரன் வீட்டுக்கு விழுந்தது.

இனிப் பழத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கப் பெரும்பாலும் ஒரே சாதித் திராட்சைதான். பிளாவ்புர்குண்டர் என்று பெயர். கறுப்பு. அதைப்போல ஒரு அடங்காத செடி இல்லை என்பாள் புனிதவதி. மற்றதெல்லாம் தூங்கும்போது இது முந்திக்கொண்டு முளைவிடும். பிறகு ஏப்ரல் பனி வந்து முளையைக் கருக்கும். அதைக் காக்க விடியப்புறம் நிரைக்கு நிரை நெருப்புச் சட்டி வைப்பார்கள். தோல் மெல்லிசு. குலை, பொத்திப் பிடித்த கை மாதிரி இறுக்கம். ஒரு மழை கூடப் பெய்தால் நடுவுக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். நல்ல மண்ணில் வை, உரம் போடு, கொஞ்சு, ஒன்றுக்கும் மசியாது. சரியில்லாத சரிவில், கல்லுக்குள் வைத்தால் ஒரு வருடம் அப்படிக் காய்க்கும்.

"ஆரும் சொல்லி வளர்க்கேலாத சாதி பெரியம்மா" என்று சொல்லும்போது அவளுடைய முகத்தைப் பார்க்கவேண்டும். தன்னுடைய பிள்ளையைப் பற்றி முறைப்பாடு சொல்லுகிற தாயின் முகம்.

கசுட் அம்மா அந்த வருடம் புதிதாக ஒன்று தொடங்கினார். சரிவின் கீழ்த்துண்டில் விளைந்த பழத்தில் நுரை வைன் செய்து பார்ப்பது. கலியாணத்துக்கும் புதுவருடத்துக்கும் தக்கையைப் படாரென்று கழற்றி நுரை தள்ள ஊற்றுவார்களே, அது. அதற்குப் பழத்தை முந்தி வெட்டவேண்டும். ஏன் முந்தி என்று வெட்ட வந்தவர்களுக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தவில்லை. வெட்டச் சொன்னார்கள், வெட்டினார்கள். பழமோ கன்னங்கரேலென்று இருந்தது. எங்கள் கண்ணுக்குக் கறுத்தால் பழம்தானே.

முதல் நாள் வெட்டு, புனிதவதி வீட்டு உபயத்துக்கு முந்தின நாள் வந்து வாய்த்தது. தம்பித்துரை வீட்டில் ஒரு வழக்கம். முதல் வெட்டும் குலை சாமிக்கு. அது படைத்து முடியும்வரை வீட்டில் ஒருத்தரும் ஒரு பழம் வாயில் போடக்கூடாது. படைக்கிறதை ருசி பார்த்தால் எச்சில். புனிதவதி அன்றைக்கு முழுக்க வெட்டினாள், ஒன்றும் வாயில் வைக்கவில்லை. பின்னேரம் கசுட் அம்மாவிடம் போய் ஒரு பெட்டி பழம் கேட்டாள்.

"இது சாப்பிடுகிற பழம் இல்லை" என்றார் கசுட் அம்மா.

"சாப்பிட இல்லை, சாமிக்கு" என்றாள் இவள், தனக்குத் தெரிந்த டொச்சில்.

கசுட் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டதாம். அவர்களுடைய தேவாலயத்திலும் அறுவடை முடிய நன்றி சொல்லுகிற ஒரு ஞாயிறு உண்டு. பூசணி, ஆப்பிள், திராட்சை எல்லாம் பீடத்துக்கு முன்னால் வடிவாக அடுக்கி வைப்பார்கள். பார்க்க மட்டும்தான். அங்கே நின்று ஒருத்தரும் அதை எடுத்துத் தின்பதில்லை. கசுட் அம்மா தானே குனிந்து, தேடித் தேடி, காயம் படாத குலையாக ஒரு பெட்டி நிறைய அடுக்கிக் கொடுத்தார்.

அந்தப் பெட்டியை அவள் மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தாள்.

அடுத்த நாள் பின்னேரம் அம்மன் படத்துக்கும் கும்பத்துக்கும் முன்னால், கடலைக்கும் அவலுக்கும் நடுவில், கறுத்தத் திராட்சை ஒரு மலைபோலக் கிடந்தது. மேலே மா பூசினதுபோல ஒரு வெள்ளைப் படலம். அவ்வளவு வடிவு. வைன் தோட்டம் என்று வாய் கிழிந்தவர்கள்கூட எட்டி எட்டிப் பார்த்தார்கள். தில்லைநாதனே, "பழம் நல்ல பழம்தான்" என்று சொன்னதை நான் கேட்டேன்.

தேவாரம் முடிந்தது. தீபம் காட்டியாயிற்று. புனிதவதி பிரசாதம் கொடுத்தாள். முதலில் தில்லைநாதன் இரண்டு பழத்தைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டார்.

அந்த முகத்தை எழுத என்னால் முடியாது. ஒரு கண் மூடிக்கொண்டது. மற்றக் கண்ணில் தண்ணி. பிரசாதம் என்பதால் துப்பவும் முடியாது. பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி ஜெயகௌரி, "என்னப்பா, பல்லுக் குத்தோ?" என்று கேட்டுக்கொண்டே தானும் ஒன்றைப் போட்டாள். அதற்குப் பிறகு வரிசையாக ஒவ்வொரு முகமும் சுருங்கிக்கொண்டு போனது. யாரோ ஒரு பெடியன், "அம்மாளாச்சி பல்லுத் தேய்க்கிறதுக்குக் குடுத்தவ போலை" என்று சொல்ல, மண்டபம் முழுக்கச் சிரிப்பு.

தில்லைநாதன் சிரிக்கவில்லை. விழுங்கி முடித்து, சால்வையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்.

"பகிடி இல்லை இது. அம்மனுக்குப் புளிச்ச காயைப் படைச்சிருக்கிறம். அம்மனே காட்டிப்போட்டா, அந்தத் தோட்டத்துப் பழம் தனக்கு வேண்டாமெண்டு. புனிதம், நான் எத்தினை தரம் சொன்னனான்? சாராயத்துக்கு வளர்க்கிற பழம் சாமிக்கு ஆகாது."

"அண்ணை, எனக்குப் புளிக்குமெண்டு தெரியாது. படைக்கிறதை ஆர் ருசி பார்க்கிறது?"

"தெரியாமல் செய்தது பிழை இல்லை. தெரிஞ்சும் அங்கை போறதுதான் பிழை. விஜயதசமி அண்டைக்கு இஞ்சை வந்து, கற்பூரத்திலை கைவைச்சு, இனி அந்தத் தோட்டத்திலை கால் வைக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு. இல்லாட்டி உங்கடை வீட்டுக்கு இஞ்சை உபயம் இல்லை."

ஜெகதீஸ்வரன் தன்னுடைய கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

புனிதவதி தட்டத்திலிருந்து ஒரு குலையை எடுத்தாள். ஒவ்வொரு பழமாகப் பிய்த்து வாயில் போட்டு மென்றாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. குலையை முடித்தாள். காம்பை முந்தானைக்குள் சுற்றி வைத்துக்கொண்டு, "அம்மனுக்குப் புளிக்கேல்லை அண்ணை. உங்களுக்குத்தான் புளிக்குது" என்றாள்.

அந்தப் பின்னேரத்தில்தான் 'புளிப்புத் திராட்சைக்காரி' என்ற பட்டம் விழுந்தது. சனத்துக்குப் பட்டம் வைக்க நேரம் எடுக்காது.

சனத்துக்கு முன்னால் அப்படி நின்றாளே தவிர, உள்ளுக்குள் அவளுக்குக் கோபம். விடிந்ததும் ரயில் ஏறிப்போய்க் கசுட் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். பழுக்காத காயை ஏன் எனக்குத் தந்தாய், எங்கள் சனத்துக்கு முன்னால் என்னை ஏன் வெட்கப்படுத்தினாய் என்று கத்தினாளாம். கசுட் அம்மாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. நீங்கள் அதைத் தின்றீர்களா என்று கேட்டாராம். தின்றோம், சாமிக்கு வைத்ததைப் பிறகு நாங்கள் தின்போம் என்று இவள் சொல்ல, கசுட் அம்மா வாயில் கைவைத்துக்கொண்டு, சிரிக்கவா அழவா என்று நின்றாராம்.

பிறகு அவளைப் பிழியும் இடத்துக்குக் கூட்டிப் போனார். கறுத்தப் பழம் மேலே கிடந்தது. கீழே வடிந்த சாறோ கஞ்சித் தெளிவுபோல வெளிறிக் கிடந்தது. மெதுவாக, தோல் நோகாமல் பிழிந்தால் கறுப்பு இறங்காது. தோலில் மட்டும்தான் கறுப்பு.

"இந்தப் பழத்தோடு நாற்பது வருடம் சண்டை பிடிக்கிறேன். என் புருஷனோடுகூட இவ்வளவு சண்டை இல்லை" என்றார் கசுட் அம்மா. "இனிப்பு ஏறியபிறகு எவரும் இதை வெட்டுவார்கள். சிவப்பு வைனுக்கு அது சரி. நுரை வைன் என்றால் போத்தலுக்குள் அடைபட்டு, இரண்டாம் தரம் பொங்கி, இருட்டில் வருடக்கணக்கில் கிடக்கவேண்டும். இனிப்பை மட்டும் நம்பினால் அங்கே சப்பென்று போய்விடும். தாங்குவது புளிப்புத்தான். புளிப்பு இருக்கும்போது வெட்டுவது பிழை இல்லை, அதற்காகத்தான் வெட்டுகிறேன்."

புனிதவதி அன்று பின்னேரம் நேரே என் வீட்டுக்கு வந்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று இதை எல்லாம் சொன்னாள்.

"அது பழுக்காத காய் இல்லை பெரியம்மா. அது அப்பிடித்தான் இருக்கவேணும்."

"சரியடி, அதைத் தில்லைநாதனுக்குப் போய்ச் சொல்லு."

"அவருக்கு ஏன் சொல்லவேணும்?" என்றாள். "அவர் பழத்தைப் பற்றியோ கேட்டவர்?"

உண்மைதான். அவர் கேட்டது பழத்தைப் பற்றி இல்லை.

நாள் போகப்போகத் தில்லைநாதனுக்கே சங்கடம் வந்துவிட்டது. தம்பி வீட்டைத் தள்ளிவைப்பது அவருக்கும் லேசான வேலையா? விஜயதசமிக்கு முதல் நாள் ஜெயகௌரியையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு வந்தார். என்னையும் வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். தேத்தண்ணி குடித்தபடி அவர் ஒரு வழி சொன்னார்.

"புனிதம், நான் கல்நெஞ்சன் இல்லை. சத்தியம் வேண்டாம். தோட்டத்தை விடவும் வேண்டாம். நாளைக்குச் சபையிலை வந்து ஒரு வார்த்தை சொல்லு. கஷ்டத்துக்குத்தான் அந்த வேலைக்குப் போறன், வேறை வழியில்லை எண்டு. சனம் விளங்கிக்கொள்ளும். ஊரை விட்டு வந்தனாங்கள், எல்லாருக்கும் கஷ்டம்தானே."

ஜெகதீஸ்வரனின் முகத்தில் உயிர் வந்தது. "அதுதானே, அண்ணை நல்ல வழி சொல்லுறார்" என்றான்.

புனிதவதி கோப்பையை வைத்தாள். "அண்ணை, நீங்கள் ரெஸ்டோரன்டிலை பியர் ஊத்திறியள். இவர் மாட்டிறைச்சி வெந்த சட்டி கழுவுறார். உங்களை ஒருத்தரும் சபையிலை கூப்பிட்டுக் கேக்கேல்லையே?"

"நாங்கள் வயித்துப்பாட்டுக்குச் செய்யிறம். விரும்பியோ செய்யிறம்?" தில்லைநாதனின் குரல் உயர்ந்தது. "ஒவ்வொரு நாளும் வீட்டை வந்து முழுகிப்போட்டுத்தான் விளக்குக் கொளுத்திறன். கேட்டுப்பார், இந்தா இருக்கிற உன்ரை அக்காவை. நீ அப்பிடியோ? நல்ல வேலையை விட்டுப்போட்டு, குறைஞ்ச சம்பளத்துக்கு, ஆசைப்பட்டெல்லோ அங்கை போறாய்!"

"ஓம்" என்றாள் அவள். "ஆசைப்பட்டுத்தான் போறன்."

அதற்கு மேல் என்ன கதைப்பது? ஜெயகௌரி மட்டும் போகும்போது வாசலில் அவளுடைய தாடையைப் பிடித்து, "உனக்கு விசரடி. ஒரு பொய்யைச் சொல்லிப்போட்டு நீ நினைச்சபடி போவன்" என்று காதுக்குள் சொன்னாள். ஜெயகௌரி தன் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் சமாளித்தவள். குறையாகச் சொல்லவில்லை.

விஜயதசமி வந்தது. அன்று காலையிலேயே வானம் ஒரு மாதிரி. மலைகள் கிட்ட வந்து நின்றன. கைநீட்டினால் தொடலாம் போல. தெற்கிலிருந்து ஃபூன் காற்று வரப்போகிறது என்றால் அப்படித்தான் இருக்கும். சூடான காற்று. திராட்சையை அவிக்கிற காற்று என்று அங்கத்தைய சனம் சொல்லும். சிவப்பு வைன்காரருக்கு அது கொண்டாட்டம். நுரை வைனுக்கோ, அந்தக் காற்று ஒரு நாள் நின்று அடித்தால் புளிப்பு இறங்கிவிடும். கீழ்த்துண்டில் பாதி இன்னும் வெட்டாமல் கிடந்தது. அடுத்த நாள் விடிந்ததும் வெட்டி முடிக்கவேண்டும், எத்தனை பேர் முடியுமோ அத்தனை பேர் வாருங்கள் என்று கசுட் அம்மா சொல்லிவிட்டிருந்தார்.

பின்னேரம் மண்டபத்தில் சனம் நிறைந்திருந்தது. வேறு நாள் வராதவர்களும் வந்திருந்தார்கள்; ஏன் வந்தார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை. புனிதவதி நல்ல மஞ்சள் சேலை கட்டி, பூ வைத்து வந்தாள். பயந்தவளைப்போல ஓரத்தில் நிற்காமல் முன்னுக்குப் போய் நின்றாள்.

பூசை முடிய, தில்லைநாதன் ஒரு தட்டத்தில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தி அவளுக்கு முன்னால் நீட்டினார். குரலைத் தாழ்த்தித்தான் கதைத்தார். ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

"கஷ்டத்துக்குச் செய்யிறன் எண்டு சொல்லு பிள்ளை. அவ்வளவுதான்."

"சொல்லன் புனிதம்" என்றான் ஜெகதீஸ்வரன். "ஒரு சொல்லுத்தானே."

அவள் நெருப்பைப் பார்த்தாள். பிறகு அம்மன் படத்தைப் பார்த்தாள்.

"அண்ணை, எனக்கு அந்த வேலையிலை கஷ்டம் இல்லை. கொடிக்குக் கிட்டப் போனால் எனக்குப் பசியும் தெரியாது, குளிரும் தெரியாது. நான் குடிக்கிறேல்லை, ஆருக்கும் ஊத்திக் குடுக்கிறதும் இல்லை. ஒரு செடியை வளர்க்கிறன். அது எனக்கு விருப்பம். இதை மறைச்சு, கற்பூரத்திலை கைவைச்சு, கஷ்டத்துக்குப் போறன் எண்டு சொன்னால் அது பொய்ச் சத்தியம். அம்மனுக்கு முன்னாலை என்னைப் பொய் சொல்லச் சொல்லுறியளோ?"

தில்லைநாதன் தட்டத்தை நீட்டியபடி நின்றார். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். கற்பூரம் எரிந்து சின்னதாகி, நீலமாகி, கரியாகி அணையும்வரை இருவரும் அசையவில்லை. அந்த வாசம் இப்போதும் எனக்குத் தெரிகிறது.

"அப்ப சரி" என்றார் அவர். "உங்கடை வீட்டுக்கு இனி இஞ்சை உபயம் இல்லை."

"சரி அண்ணை" என்றாள். "நாளைக்கு விடிய வெட்டு இருக்கு. நான் போறன்."

எங்களுடைய ஆட்கள் ஆரும் 'போறன்' என்று சொல்லிப் போவதில்லை. 'போட்டு வாறன்' என்றுதான் சொல்லுவோம். அவள் போறன் என்றே சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள்.

ஜெகதீஸ்வரன் நின்ற இடத்திலேயே நின்றான். சனம் அவனைப் பார்த்தது. தமையன் ஒரு பக்கம், பெண்சாதி போன வாசல் ஒரு பக்கம். இவன் இங்கேதான் நிற்பான் என்று நானும் நினைத்தேன். அவன் மெல்ல நடந்து கும்பத்தடிக்குப் போனான். அங்கே எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்கு அவனுடைய வீட்டு விளக்கு. மண்டபத்துக்கு இருந்த ஒரே குத்துவிளக்கும் அதுதான். பூவால் திரியை அமர்த்தினான். எண்ணெயைத் துடைத்தான். சுடச்சுட அதைச் சால்வையில் சுற்றிக் குழந்தையைப் போலத் தூக்கினான்.

"தம்பி, என்ன செய்யிறாய்?" என்றார் தில்லைநாதன்.

"குறை நினையாதையுங்கோ அண்ணை" என்றான் அவன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ." மன்னிப்புக் கேட்டுக்கொண்டே விளக்கோடு படியேறிப் போய்விட்டான். அவனுக்கு வேறு மாதிரிக் கோபப்படத் தெரியாது.

அடுத்த நாள் விடிய நானும் தோட்டத்துக்குப் போனேன். என்னுடைய வேலை ஆஸ்பத்திரியில் நிலம் துடைப்பது, அன்று லீவு. காற்று அதற்குள் தொடங்கிவிட்டது. அடுப்பு வாயைத் திறந்தது போல முகத்தில் அடித்தது. நிரைகளுக்குள் இருபது முப்பது பேர் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள்; கசுட் அம்மாவின் குரல் மட்டும் மேலே கேட்டது. ஹோட்டல் சமையலறை வெள்ளைச் சப்பாத்தோடு ஜெகதீஸ்வரன் பெட்டி சுமந்துகொண்டிருந்தான். சரிவில் வழுக்கினான், விழவில்லை.

"யார் அந்த ஆள்?" என்று கசுட் அம்மா கேட்டார்.

"என் புருஷன்."

"சரியான மெதுவு."

"ஓம், மெதுவுதான்" என்றாள் புனிதவதி, கத்தியை நிறுத்தாமல். "பழத்தை நோகப்பண்ணமாட்டார்."

மத்தியானத்துக்கு முன் கீழ்த்துண்டு முடிந்தது. கடைசிப் பெட்டி பிழியப் போகும்போது கசுட் அம்மா ஒரு பழத்தைக் கடித்துப் பார்த்து, முகம் கோணி, நல்லது என்று தலையாட்டினார்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் அந்த வீட்டுக்கு ஒருத்தரும் சொல்லி அனுப்பவில்லை. பிறந்தநாளுக்கும் இல்லை, பெண்பிள்ளைகள் பெரியவளான சாமத்தியவீட்டுக்கும் இல்லை. கடையில் கண்டால் பால் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவளுக்குத் தாக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு முறை என்னுடைய வீட்டில் இருந்து அழுதாள். அழுது முடிய முகம் கழுவிவிட்டு, வெள்ளிக்கிழமை தளிர் கிள்ளுகிற வேலை தொடங்குது என்று சொல்லிக்கொண்டு போனாள்.

அடுத்த நவராத்திரிக்குக் கொஞ்சம் முன்பு தில்லைநாதன் என்னை வழியில் மறித்தார்.

"அக்கா, தம்பி வீட்டாரை வரச்சொல்லுங்கோ. சத்தியம் ஒண்டும் வேண்டாம். பேசாமல் வந்து நிண்டால் போதும். பழையதை ஒருத்தரும் கிளறமாட்டினம்."

நான் ஓடிப்போய்ச் சொன்னேன். புனிதவதி யோசித்தாள்.

"பெரியம்மா, ஒண்டு கேளுங்கோ. நான் விரும்பித்தான் அந்த வேலைக்குப் போறனெண்டு தெரிஞ்சோ கூப்பிடுறார், இல்லை, பாவமெண்டு கூப்பிடுறாரோ?"

"ஏனடி என்னைக் கொல்லுறாய்? கூப்பிட்டால் வாவன்!"

"கேட்டுக்கொண்டு வாங்கோ."

திரும்பவும் நடந்தேன். ரெஸ்டோரன்டின் பின்வாசலில் பியர்ப் பீப்பாய் உருட்டிக்கொண்டு நின்ற தில்லைநாதனிடம் அப்படியே கேட்டேன். அவர் பீப்பாயை நிறுத்தி அதன்மேல் இருந்துவிட்டார்.

"தெரிஞ்சுதான் கூப்பிடுறன் எண்டு சொல்லுங்கோ" என்றார் கடைசியில். "உவளோடை ஆர் மல்லுக்கட்டுறது."

முதலாம் பின்னேரமே அவர்கள் வந்தார்கள். அன்றும் வெட்டு நாள்; புனிதவதி தோட்டத்திலிருந்து ஓடிவந்து சேலை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்ற அவள் கையை நீட்டியபோது, விரல் நுனியெல்லாம், நகக்கண்ணெல்லாம் திராட்சைக் கறை கறுத்துக் கிடந்தது. தட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்த தில்லைநாதன் அதைப் பார்த்தார்.

"கையைக் கழுவிப்போட்டு வந்திருக்கலாம்" என்றார் மெதுவாக.

"கழுவிப்போட்டுத்தான் வந்தனான் அண்ணை" என்றாள். "இது போகாது."

அவர் தட்டத்தை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நீட்டினார்.